சாம்பிராணி ஏறிய காப்பி மூட்டைகள்

ஜெயக்கொடி பிறந்தது ஏற்காட்டு மலையில். வாழ்க்கைப்பட்டது மேற்குத் தாம்பரத்தில், ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த சவுரிமுத்துவுக்கு. சவுரிமுத்து எங்களுக்குப் பங்காளி முறை.

அவளுக்குக் கூடப்பிறந்தவன் ஒரே தம்பி, ஏசுதாசன். மலையில் அரை ஏக்கரும் ஒரு ஏக்கருமாகக் காப்பிச் செடி வைத்திருந்த குடும்பங்கள் சேர்ந்து நடத்திய சங்கத்துக்கு அவன்தான் தலைவன். விளைந்ததைக் காப்பி போர்டுக்கே கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தவரை, அவர்கள் பழுத்த பழமாகப் பார்த்துப் பறித்த கொட்டையும் கண்டவன் கொட்டையும் ஒரே குவியலில்தான் போய் விழும். தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கட்டாயம் நீங்கியது. பட்டணத்து ஏற்றுமதிக்காரர் ஒருவர் மாதிரிக் கொட்டையை வறுத்துக் குடித்துப் பார்த்தார். மூட்டை பூராவும் இப்படியே இருந்தால் வருஷா வருஷம் நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். மலையில் அத்தனை வீடும் அந்த வார்த்தையை நம்பி இருந்தது.

மூட்டைகள் லாரியில் பட்டணம் வந்து இறங்கியபோது ஏற்றுமதிக்காரர் ஊரில் இல்லை. லாரி செட்டில் வைக்கலாமென்றால் பக்கத்திலேயே மிளகாய் மூட்டை. காப்பிக் கொட்டை பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும்; ஏறினது இறங்காது. அக்காள் வீட்டுக் கூடம்தான் சுத்தம் என்று ஏசுதாசன் அங்கே கொண்டுவந்து அடுக்கினான். ஜெயக்கொடியும் அடுப்பைத் தெருவோரம் வைத்துச் சமைத்தாள்.

"இன்னா மச்சான், உன் மூட்ட வந்ததுலேருந்து வூட்ல கருவாடு கெடயாது, கொசுவத்தி கெடயாது. பல்லு வெளக்கலாமா, அதுக்கும் உன் சங்கத்தைக் கேக்கணுமா?" என்றார் சவுரிமுத்து.

"வெளக்குங்க மாமா. வெளிய நின்னு வெளக்குங்க."

மறுநாள் கோயிலில் பூசை முடிந்து வந்த சவுரிமுத்து வாசற்படியில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

மகன் தாவீது பம்பாயிலிருந்து வந்து சேர மறுநாள் ஆகும். அதுவரை ஐஸ் பாரின் மேல் கூடத்திலேயே கிடத்தினார்கள். சவுரிமுத்துவின் அக்காள் பேபி தலைமாட்டில் தணலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பெட்டி மூடுகிறவரை சாம்பிராணிப் புகை அறக் கூடாது. அது அந்தக் குடும்பத்து வழக்கம். வெளியே மழை. கதவைச் சாத்தியிருந்ததால் புகை கூடத்துக்குள்ளேயே சுற்றியது.

எதிர்வீட்டுக் கூடம் காலி. நாலு பேர் கை கொடுத்தால் மழை விட்ட நேரத்தில் மூட்டைகளை அங்கே மாற்றிவிடலாம். சாவு வீட்டில் அதைக் கேட்க ஏசுதாசனுக்குக் கூசியது. சுவரோரம் நின்று மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பேபி அதைக் கவனித்துவிட்டாள்.

"இன்னா தம்பி, மூட்டையவே பாத்துகினு கீற? அது எந்திரிச்சிப் போவாது. போறவரு இங்க படுத்துகினு கீறாரு, அவரைப் பாரு."

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஏசுதாசன் தலைகுனிந்தான்.

புகை காப்பியை என்ன செய்யும் என்று ஜெயக்கொடிக்குத் தெரியும். காப்பிக் களத்துப் பக்கம் பீடியோடு வந்தவனைத் துரத்திய வீட்டில் வளர்ந்தவள். ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் ஆட்கள் தூக்கியிருப்பார்கள். புருஷன் பிணமாய்க் கிடக்க, பிறந்த வீட்டுச் சரக்குக்கு அழுதாள் என்று ஊர் பேசும். தம்பி அவளைப் பார்த்தான். அவள் நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"புகை கொறையுது அண்ணி. இன்னும் போடுங்க."

அடக்கம் முடிந்தபின் ஏற்றுமதிக்காரர் வந்தார். மூட்டைக்கு ஒரு பிடி எடுத்துப் போய் வறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "துக்க வீடு, நான் பேசக் கூடாது. குடிச்சா சர்ச்சுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு சார். எடுக்க முடியாது."

படப்பை வியாபாரி ஒருவன் சிக்கரியில் கலக்க அள்ளிக்கொண்டு போனான். ஏசுதாசன் மலையேறினான். சங்கம் அந்த வருஷமே உடைந்தது. நல்ல சரக்கை விற்றுவிட்டு வேறு சரக்கை மாற்றி வைத்தான் என்றுகூடச் சிலர் பேசினார்கள். அவன் காப்பித் தோட்டத்தை விற்றுவிட்டுக் கூடுவாஞ்சேரியில் பிளாட் போட்ட இடத்துக்குக் காவலாளாக வந்து சேர்ந்தான். அக்காள் வீட்டுக்கு வரவில்லை. பிறர் சொல்லித்தான் ஜெயக்கொடிக்குத் தெரிந்தது. சோறு கட்டிக்கொண்டு போனாள்.

"சங்கத்துக்காரங்ககிட்ட சாவு நடந்துச்சுன்னு சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா, மூட்டய ஏன் மாத்தலன்னு கேப்பாங்க. எங்கக்காதான் இன்னும் போடச் சொன்னாங்கன்னு சொல்லட்டுமா?"

அவள் தூக்குவாளியை நீட்டினாள். அவன் வாங்கிக் கொட்டகைக்குள் வைத்தான். அவள் பஸ் ஏறுகிறவரை அதைத் திறக்கவில்லை.