வத்தல் மண்டிக்குள் ஒரு மைக்

விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்த அலாவுதீனின் மகள் நாதியா என்ன படிக்கிறாள் என்பதை அந்தக் குடும்பத்தில் ஒருவராலும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. டாக்டருக்குப் படித்தால் டாக்டர், டீச்சருக்குப் படித்தால் டீச்சர். அலாவுதீனின் அத்தா வழியில் பத்தாவது தாண்டியவர் கிடையாது. அவர் வீட்டுக்காரி நசிமாவின் வழியில் சாத்தூர் தாய்மாமன் ஒருவர் தபாலாபீசில் இருந்தார், அதுவே பெரிய படிப்பு. இந்தப் பிள்ளையோ மதுரையில் பல்கலைக்கழக விடுதியில் தங்கி, மைக்கையும் கேமராவையும் தூக்கிக்கொண்டு எம்.எஸ்சி. படிக்கிறாளாம். இரண்டாயிரத்து ஏழில் அப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்பதே அவர்கள் தெருவுக்குப் புதுசு.

அலாவுதீனின் அக்காள் கமருன்னிசா அருப்புக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். பெருநாளுக்குப் பெருநாள் வந்து உட்கார்ந்து ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். கல்யாண வீட்டில் வீடியோ பிடிக்கவா இம்புட்டுப் படிப்பு என்பாள். அது இல்லை மாமி, ரேடியோவிலும் டிவியிலும் நிகழ்ச்சி எப்படிச் செய்வது என்று படிக்கிறோம் என்று நாதியா பொறுமையாகச் சொல்வாள். "சரி, நீ செஞ்சது எங்க வீட்டு ரேடியோவுல எப்ப வரும்? அன்னைக்குச் சொல்லு, கேக்கேன்" என்பாள் கமருன்னிசா. நாதியா சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விடுவாள்.

ஆனால் படிப்பு அவளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. சின்னதிலேயே அவள் காது சும்மா இருக்காது. மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே தண்ணீர்த் தொட்டி நிறையப் போவதைச் சொல்லிவிடுவாள். பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவு அறை என்று ஒன்று இருந்தது. சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. கனத்த கதவைச் சாத்தியதும் காதுக்குள் ஏதோ இரைந்தது. உன் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் என்றார்கள். அன்றைக்கு முழுக்க அவள் அதே யோசனையாகத் திரிந்தாள். இன்னொரு நாள் மழையைப் பதிவு செய்து கேட்டால் மழை மாதிரியே இல்லை. மெஸ்ஸில் அப்பளம் பொரிவதைப் பதிவு செய்து போட்டால் அடைமழையாகக் கொட்டுகிறது. இது எப்படி என்று கேட்டுக் கேட்டு வாத்தியார்களின் உயிரை வாங்கினாள்.

கடைசி வருசம், வானொலிப் பாடம் நடத்திய லட்சுமிகாந்தம் சார் ஒரு வேலை கொடுத்தார். அவரவர் ஊரைப் பத்து நிமிடத்தில் சத்தத்தாலேயே காட்ட வேண்டும். படிக்கிறவர்கள் நடுவில் புகுந்து விளக்கம் சொல்லக்கூடாது. எல்லாருடையதும் வளாக வானொலியில் வரும். ஆனால் அந்த வானொலி வளாகத்துக்கு எதிரே இருக்கிற மலையைத் தாண்டாது. தேறுகிற ஒன்றை மட்டும் மதுரைப் பண்பலை நிலையத்துக்கு அனுப்புவார்கள். அதில் வந்தால் விருதுநகர், அருப்புக்கோட்டை, சிவகாசி எல்லா ஊரிலும் கேட்கும். நாதியாவுக்குக் கமருன்னிசா மாமியின் முகம்தான் முதலில் ஞாபகம் வந்தது.

விருதுநகர், சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகள் நீங்கள் வருசா வருசம் வெடியைப் பதிவு செய்து வந்து என்னைக் கொல்கிறீர்கள் என்றார் சார். பக்கத்தில் வைத்துப் பிடித்தால் வெடி வெடியாகக் கேட்காது, தகரத்தில் கல் விழுந்த மாதிரிதான் கேட்கும் என்றார். சிவகாசிக்காரன் பால்பாண்டி எழுதிக் கொண்டுவந்திருந்த தாளைச் சத்தமில்லாமல் மடித்துப் பைக்குள் வைத்தான். அந்த நேரம் பார்த்து நாதியா எழுந்து, எங்கள் மண்டியில் வத்தல் ஏலம் நடக்கும், அந்தக் கூச்சலைப் பதிவு செய்கிறேன் என்றாள். சாருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

இதில் ஒரு விசயம். மண்டிக்காரர் மகள்தான், வத்தல் நெடியில் தும்மித் தும்மி வளர்ந்தவள்தான். ஆனால் வியாபாரம் நடக்கிற நேரத்தில் அவள் மண்டிக்குள் கால் வைத்ததே இல்லை. காம்பு கிள்ளுகிற பெண்கள் போவார்கள், வருவார்கள். வீட்டுப் பெண்கள் போகிற வழக்கமில்லை. மீன் மார்க்கெட்டில் ஏலம் விடுவதைப் பார்த்திருந்தாள். இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று தானாக நினைத்துக்கொண்டாள்.

அலாவுதீன் முதலில் சம்மதிக்கவில்லை. ஆம்பளைகள் நூறு பேர் நிற்கிற இடம் என்றார். நசிமாதான் பேசிச் சரிக்கட்டினாள். முக்காட்டை இறுக்கிக்கொண்டு, அண்ணன் சாபிரின் பக்கத்தில், தூண் ஓரமாக நிற்க வேண்டும், நடுவில் வரக்கூடாது என்று ஏற்பாடு. அந்த மாசி மாதம் வரத்து நல்ல வரத்து. சாக்கு சாக்காக அவிழ்த்து, ஒவ்வொன்றின் முன்னாலும் மாதிரிக்கு ஒரு குவியல் தட்டிவைத்திருந்தார்கள். நாதியா ரெக்கார்டரை முடுக்கி, பஞ்சு உறை போட்ட மைக்கை நீட்டிக்கொண்டு நின்றாள்.

வியாபாரிகள் வந்தார்கள். குனிந்து ஒரு வத்தலை எடுத்து உடைத்துப் பார்த்தார்கள். அலாவுதீன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் வலக்கை மேல் போட்டார். வந்தவர் அந்தத் துண்டுக்குள் கையை விட்டார். இரண்டு பேரும் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். துண்டு லேசாக அசைந்தது. ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். பிறகு கையை எடுத்துக்கொண்டு அடுத்த குவியலுக்குப் போய்விட்டார். எங்கே பார்த்தாலும் இருமல், தும்மல். ஒரு வார்த்தை இல்லை.

நாதியா காத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அண்ணனிடம் கிசுகிசுத்தாள். "ஏலம் எப்பண்ணே ஆரம்பிக்கும்?"

சாபிர் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "ஆரம்பிக்கவா? பாதி லோடு போயிருச்சு, போ."

விலையை விரலில்தான் பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் ஒரு கணக்கு. ஒருவர் கேட்டது அடுத்தவருக்குத் தெரியக்கூடாது, அதற்குத்தான் துண்டு. ஊருக்கே தெரிந்த விசயம் அவளுக்குத் தெரியாமல் போயிற்று. சாரிடம் ஏலக் கூச்சல் என்று சொல்லிவிட்டு வந்தவள், மைக்கைப் பிடித்துக்கொண்டு இருமலைப் பதிவு செய்துகொண்டிருந்தாள்.

மனசு விட்டுப்போய்ச் சுவர் ஓரம் ஒதுங்கினாள். அங்கே மிளகாய் விளைய வைத்து மூட்டை கொண்டுவந்த சம்சாரிகள் சாய்ந்து நின்றார்கள். அவர்களுக்கும் விலை தெரியாது. துண்டுக்குள் முடிந்த பிறகுதான் சொல்லப்படும். இருக்கன்குடிப் பக்கத்து ஒச்சப்பனும் அவர் பெண்சாதி பஞ்சம்மாளும் அங்கே நின்றார்கள். ஒச்சப்பன் வாய் திறக்காத மனுசன். அதற்கும் சேர்த்துப் பஞ்சம்மாள் பேசுவாள். அவர்களுடைய சாக்கு முன்னால்தான் அப்போது அலாவுதீனும் சாத்தூர் வியாபாரி தனுஷ்கோடியும் துண்டு போட்டிருந்தார்கள். பஞ்சம்மாள் யாருக்கென்று இல்லாமல் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏத்துறாக... தனுஷ்கோடி மூஞ்சியப் பாரு, கசாயம் குடிச்ச மாதிரி. அப்ப நமக்கு நல்லாருக்குன்னு அர்த்தம். இந்தா சிரிக்கான். போச்சு. சிரிச்சான்னா நம்ம தலையில கைய வைக்கான்."

"பேசாம நில்லு" என்றார் ஒச்சப்பன்.

"நீங்க பேசுனா நான் ஏன் பேசப்போறேன்?"

நாதியா மைக்கை அந்தப் பக்கம் திருப்பினாள். பஞ்சம்மாளுக்கு அது என்னவென்று தெரியவில்லை, கவலையும் படவில்லை. துண்டுக்குள் நடப்பதைக் கண்ணால் பார்த்தது போலச் சொல்லிக்கொண்டே போனாள். பாதிக்கு மேல் தப்பு. அடுத்த சாக்குக்கும் சொன்னாள், அதற்கு அடுத்ததற்கும் சொன்னாள். யார் சரக்காக இருந்தால் என்ன. கேட்கக் கேட்க நாதியாவுக்குப் பந்தயம் பார்ப்பது போல இருந்தது. அப்போது பஞ்சம்மாள், மண்டிக்காரர் மகள் என்று தெரிந்தே அவள் பக்கம் சாய்ந்து, குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"இப்ப பாரு, ஒங்க அத்தா ஒரு தடவ செருமுவாக. செருமிட்டாகன்னா மனசுக்குள்ள முடிச்சிட்டாகன்னு அர்த்தம். அந்த வெலைக்கே குடுத்துருவாக. வாங்குறவனுக்குத்தான் அது தெரியாது, இன்னும் ஒண்ணு ரெண்டு ஏத்தி முடிப்பான்."

அலாவுதீன் தொண்டையைச் செருமினார். துண்டு இன்னும் ஒரு தரம் அசைந்தது, பிறகு உதறித் தோளுக்குப் போயிற்று. பேரம் முடிந்தது.

நாதியா மைக்கை அத்தா பக்கம் திருப்பினாள். அடுத்தடுத்த பேரங்களில் காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். ஒவ்வொன்றிலும் அதே செருமல், அதே உதறல். அம்புட்டு இருமலுக்கு நடுவில் வியாபாரிகள் ஒருவர் காதிலும் அது விழுந்ததில்லை. சுவரில் சாய்ந்து வேறு வேலையில்லாமல் நின்ற பஞ்சம்மாள் காதில் மட்டும்தான் விழுந்திருந்தது.

மதுரைக்குப் போய் வெட்டி ஒட்டி, பத்து நிமிடமாக்கிச் சாரிடம் போட்டுக் காட்டினாள். லட்சுமிகாந்தம் சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். செருமல் இடம் வந்ததும் விரலால் மேசையைத் தட்டினார். இதுதான் உயிர், இதைத் தொடாதே, இப்படியே கொடுத்தால் பண்பலைக்கு உன்னுடையதுதான் போகும் என்றார். விடுதி வரைக்கும் அவள் கால் தரையில் பாவவில்லை.

படியேறும்போதுதான் அது உறைத்தது. பண்பலையில் வந்தால் மாமிக்குக் கேட்கும். சாத்தூரில் தனுஷ்கோடிக்கும் கேட்கும். அடுத்த சந்தையிலிருந்து அவர் அலாவுதீனின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். அத்தா செருமினார் என்றால் அதற்கப்புறம் தனுஷ்கோடி ஒரு விரலைக்கூட ஏற்றமாட்டார். நட்டம் சம்சாரிக்கு, கெட்ட பெயர் மண்டிக்கு.

அந்த வாரம் ஊருக்குப் போய் அத்தாவிடமே கேட்டுவிட்டாள். அவர் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டால் நிகழ்ச்சி அப்படியே போகலாமே. அலாவுதீன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"நானா? நான் எங்கம்மா செருமுனேன்?"

ஹெட்போனை மாட்டிவிட்டுக் கேட்க வைத்தாள். திரும்பத் திரும்பக் கேட்டார். தன் மண்டியின் சத்தம் காதுக்குள் இப்படி ஒலிக்கும் என்று அவர் நினைத்ததில்லை. சாக்கு இழுபடும் இடத்தில் சிரித்தார், பஞ்சம்மாள் பேச்சுக்குத் தொடையில் தட்டினார். செருமலை மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை. "இது சாபிர் இருமுறான். வத்த நெடிக்கு யாருதான் இருமல?" என்றார். நசிமா சோறு போட வந்தவள், மகளைப் பார்த்து உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டாள். தான் செய்வது தெரியாத மனுசனிடம் அதை விடச் சொல்லி என்ன ஆகும்?

வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் கோபப்பட்டாவது இருக்கலாம். முடிவு அவள் தலையிலேயே விழுந்தது. மறுபடி மதுரை, மறுபடி கம்ப்யூட்டர் முன்னால். செருமலை அப்படியே வைத்துப் பஞ்சம்மாள் சொன்னதை மட்டும் வெட்டிப் பார்த்தாள். சொன்னதை வைத்துச் செருமலை வெட்டிப் பார்த்தாள். ஒரு கெட்டிக்காரக் காது போதும், எது மிச்சம் இருந்தாலும் பிடித்துவிடும். கடைசியில் இரண்டையும் வெட்டினாள். வெட்டிய இடத்தில் மண்டியின் வெறும் இருமலைக் கொஞ்சம் வைத்துத் தைத்தாள். தையல் தெரியவில்லை, அந்த மட்டுக்கு வேலை கைவந்திருந்தது.

சார் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். பேரம் எங்கே முடிந்தது என்று கேட்பவனுக்கு எப்படித் தெரியும் என்றார்.

"தெரியாது சார். சம்சாரிக்கும் தெரியாதுல்ல."

காரணத்தை அவள் சொல்லவில்லை. அவர் வற்புறுத்திக் கேட்டும் சொல்லவில்லை. பண்பலைக்குப் பால்பாண்டியுடையது போயிற்று. வெடியை விட்டுவிட்டு, சிவகாசி அச்சாபீசில் காலண்டர் ஓடுகிற சத்தத்தை வைத்துச் செய்திருந்தான். நன்றாகத்தான் இருந்தது. வகுப்பில் எல்லாரோடும் சேர்ந்து நாதியாவும் கை தட்டினாள். பிறகு குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினாள்.

அவளுடையது ஒரு மத்தியானம் வளாக வானொலியில் வந்து, மலையில் முட்டி நின்றுவிட்டது.

சீசன் முடிகிற சமயம் லீவுக்கு வந்தவளை அலாவுதீனே மண்டிக்குக் கூப்பிட்டார். மகள் செய்ததை நாலு பேர் கேட்கட்டும் என்று அவருக்கு ஆசை. சி.டி.யைக் கல்லாப்பெட்டி மேல் பாட்டுப்பெட்டியில் போட்டார்கள். வியாபாரிகள், மூட்டை தூக்குகிறவர்கள், காம்பு கிள்ளுகிற பெண்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். தனுஷ்கோடியும் நின்றார், தன் மூஞ்சி கசாயம் குடித்த மூஞ்சி என்று கேட்டு முதல் ஆளாகச் சிரித்தார். ஒச்சப்பன் வெட்கத்தில் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். பஞ்சம்மாள் தன் குரலைத் தானே கேட்டு, இது யாரு, கட்டைக் குரலா இருக்கே என்றாள்.

முடிந்ததும் அவள் நெற்றியைச் சுருக்கினாள். "ஏந்தாயி, நான் ஒங்க அத்தாவப் பத்தி ஒண்ணு சொன்னேனே? அதக் காணமே?"

நாதியா அவசரமாக அவள் பக்கம் திரும்பினாள். கண்ணால் சாடை காட்டப் பார்த்தாள், பஞ்சம்மாள் கவனிக்கவில்லை.

"பாயப் பத்தியா? என்ன சொன்ன பஞ்சம்மா?" என்றார் தனுஷ்கோடி, காதை நீட்டிக்கொண்டு.

பஞ்சம்மாள் வாயைத் திறந்தாள். எதிரில் அவளுடைய கடைசிப் பறிப்பு வத்தல், இன்னும் விலையாகாமல் குவிந்து கிடந்தது. அதைப் பார்த்தாள், தனுஷ்கோடியைப் பார்த்தாள், நாதியாவைப் பார்த்தாள். திறந்த வாயை மூடி, மறுபடி திறந்தாள்.

"பாயி தங்கமான மனுசருன்னு சொன்னேன். காலேஜுக்காரங்களுக்கு அது பிடிக்கல போல, வெட்டிப்புட்டாக."

மண்டியே சிரித்தது. அலாவுதீன் கூச்சத்தோடு துண்டை எடுத்துக் கை மேல் போட்டுக்கொண்டு அந்தக் குவியல் பக்கம் நடந்தார். தனுஷ்கோடி பின்னாலேயே போய்க் கையை உள்ளே விட்டார். இருமலும் தும்மலும் மறுபடி தொடங்கின.

பஞ்சம்மாள் சுவர் ஓரம் வந்து நாதியாவின் பக்கத்தில் சாய்ந்து நின்றாள். அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பேரும் காது கொடுத்துக்கொண்டு நின்றார்கள்.