அவர் ஒதுக்கிவைத்த சப்பாத்தி

இதை எழுதச் சில வருடங்கள் தயங்கினேன். பட்டாளத்தில் இருந்த என் கணவர், பக்கவாதம் வந்து ஓசூரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். இல்லத்துக்குக் கட்டியதுபோக மீதி பென்ஷனை நான் தொடவில்லை. படுத்திருப்பவர் பணத்தில் சாப்பிடுவது பாவம் என்று நினைத்து, போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவினேன்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவரைப் பார்க்க இல்லத்துக்குப் போனேன். இரண்டு சப்பாத்தியில் ஒன்றை அவர் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார்.

“தெனமும் இப்டித்தாம்மா. எடுத்தா சண்டைக்கு வர்றாரு. ஊட்டுக்காரிக்காம்!” என்று சிரித்தாள் அவரைக் கவனித்துக்கொள்ளும் பெண்.

அவர் தட்டை என் பக்கம் தள்ளினார். “தின்னுடி, எளச்சுட்டியே,” என்றார் குழறலாக.

பெருமாளைக் கும்பிட்டு அதைச் சாப்பிட்டேன். முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த மாதம் முதல் எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அந்த மீதி பென்ஷனில்தான்.

என்னைப் போல் கணவர் பணத்தைத் தொடத் தயங்கும் பெண்களிடம் இதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.