ஆறு வெறும் பீங்கான்கள்

அன்னப்பிள்ளை ஒரு தையல் மெஷினை நம்பிக் கல்முனைக்குடியில் தனியாகச் சீவித்தவள். அந்த ஒழுங்கையில் அவளுடையது ஒன்றுதான் கிறிஸ்தவ வீடு. பெருநாளுக்கு ஆறு முஸ்லிம் வீடுகளிலிருந்து அவளுக்குத் தொதல், மஸ்கட் என்று இனிப்புகள் வரும். வந்த பீங்கான் தட்டு வெறுமையாகத் திரும்பக்கூடாது என்பது அங்கே வழக்கம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் ஹஜ்ஜுப் பெருநாள் நவம்பரிலேயே வந்துவிட்டதால், "நத்தார்க் கேக்கோட தாறன்" என்று ஆறு பீங்கான்களையும் வைத்துக்கொண்டாள். கிறிஸ்மஸுக்கு அந்த வீடுகளுக்கென்று பிராந்தி சேர்க்காமல் தனியாகக் கேக் சுடுவாள்.

இரண்டு கிழமையில் சூறாவளி வந்தது. அவளுடைய குசினிச் சுவர் விழுந்தது. கேக் சுடும் சட்டி, முந்திரிகை வற்றல் போத்தல், சட்டிபானை எல்லாம் அதற்கடியில் நொறுங்கின. வெட்டுத்துணி சுற்றிப் பெட்டகத்தில் வைத்திருந்த அந்த ஆறு பீங்கான்கள் மட்டும் கீறலில்லாமல் கிடந்தன. அவற்றைப் பார்க்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. நிவாரணமாகக் கிடைத்த மா ரொட்டிக்கே போதவில்லை. பதினெட்டு வருடமாக நிமிர்ந்து நடந்த ஒழுங்கையில் வெறும் பீங்கானோடு போய் நிற்பதா? நத்தாரன்று விடியற்காலை பஸ்ஸில் மட்டக்களப்பிலுள்ள தங்கை வீட்டுக்குப் போய்விடலாம், மா கிடைத்த பிறகு திரும்பி வரலாம் என்று முடிவுசெய்தாள்.

பஸ் வரவில்லை. வழியில் லொறியொன்று புரண்டு கிடப்பதாகச் சொன்னார்கள். பையோடு நின்றவள், வேறு போக்கிடமில்லாமல் தேவாலயத்துக்குள் நுழைந்தாள். கூரையில்லை; படங்கு கட்டியிருந்தார்கள். போதகர், குழந்தை இயேசுவைப் பார்க்க ஓடிய மேய்ப்பர்களின் கதையை வாசித்தார். ஐம்பது வருடம் கேட்ட கதைதான். அன்றைக்குத்தான் அவளுக்கு ஒன்று பட்டது: பொன்னும் தூபமும் கொண்டுவந்தவர்கள் சாஸ்திரிகள். மேய்ப்பர்கள் கையில் என்ன இருந்தது என்று ஒரு சொல்லும் இல்லை. வெறுங்கையோடுதான் ஓடியிருப்பார்கள். தொழுவத்தில் கிடந்த பிள்ளையும் வெறுங்கையோடுதானே வந்தது? அப்படியிருக்க, நான் யாருக்கு ஒளித்து ஓடுகிறேன்?

வீட்டுக்குப் போய்ப் பீங்கான்களை எடுத்தாள். துணிவு அவ்வளவாக இல்லை. சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

முதல் வீடு மீன்பிடிகாரர் அதாவுல்லாவுடையது. அவருடைய மனைவி சபூறா வாசலுக்கு வந்தாள்.

"சபூறா, இந்த முறை கேக் இல்ல புள்ள. வெறும் பீங்கான்தான் கொண்டு வந்திரிக்கன். குறை நினைச்சிராத."

சபூறா பீங்கானை வாங்கி, அதன் விளிம்பிலிருந்த நீலப் பூவைத் தடவிப் பார்த்தாள்.

"அல்லாஹ்வே! என்ட கலியாணப் பீங்கான்! எல்லாம் சுவரோட போயிற்று அக்கா. ஒண்டும் மிஞ்சல்ல. புள்ளைகள் சிரட்டையிலயும் இலையிலயும்தான் தின்னுதுகள். இது ஒண்டு உங்கட வீட்ட இரிக்கிறத நான் மறந்தே போயிற்றன்!"

உள்ளேயிருந்து அதாவுல்லா எட்டிப் பார்த்தார். "நாலு நாளாக் கேக் வரும் எண்டு வயித்தக் காயப்போட்டுக் கிடந்தன். பீங்கானத் தாறீங்களே, இதக் கடிச்சா என்ட பல்லெல்லோ போகும்?"

"நீங்க சும்மா இரிங்க!" என்றாள் சபூறா. சிரிப்பும் அழுகையும் அவளுக்குச் சேர்ந்தே வந்தன. பீங்கானைக் கழுவி, சோற்றைப் போட்டு, மீன் ஆணத்தை ஊற்றி அன்னப்பிள்ளையிடமே நீட்டினாள். "முதல்ல நீங்க தின்னுங்க. இண்டைக்கு உங்கட பெருநாளெல்லவா?"

"புள்ளைகளுக்குக் குடு, சபூறா."

"ஓம், உங்களுக்குப் பிறகு."

அன்னப்பிள்ளை தின்னத் தொடங்கினாள். சிரட்டைகளோடு சுற்றி உட்கார்ந்த மூன்று பிள்ளைகளும், பீங்கான் எப்போது தங்கள் கைக்கு வரும் என்று அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. நாலு வாய் தின்று மூத்ததிடம் கொடுத்தாள்.

மற்ற ஐந்து வீடுகளிலும் சுவர் விழுந்துதான் இருந்தது. அன்னப்பிள்ளை எழுந்து, ஐந்து பீங்கான்களையும் எல்லாருக்கும் தெரிய நெஞ்சோடு அடுக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்த வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டாள்:

"நாச்சியா! உன்ட பீங்கான் வந்திரிக்கு, ஓடி வா புள்ள!"