பவள மோதிரத்துக்கு நீளாத விரல்

மூன்று வருடங்களுக்கு முந்தைய ஆவணி மாதம். கட்டுமாவடியில், எங்கள் வீட்டில், எனக்குப் பூ வைக்கும் நாள். மாப்பிள்ளை வீட்டார் வந்து தலையில் பூ வைத்துவிட்டால் கல்யாணம் நிச்சயமான மாதிரிதான்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. பக்கத்து ஊர்ப் பள்ளியில் அறிவியல் டீச்சர். ஜாதகத்தில் எட்டாம் இடத்தில் செவ்வாய். அந்தச் செவ்வாய் விரட்டியடித்த வரன்களை ஏற்றினால் ஒரு வேன் நிரம்பும். இந்த மாப்பிள்ளை விராலிமலையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர். பெண் பவள மோதிரம் போட்டுக்கொண்டால் தோஷம் அடங்கிவிடும் என்று அவர்கள் ஜோசியர் பரிகாரம் சொல்லியிருந்தார். போனில் கேட்டபோது நானும் சரி என்று சொல்லிவிட்டேன். அது என் தப்பு. அப்பாவின் கவலை தீரட்டுமே என்ற நினைப்பு, கொஞ்சம் பயமும்தான்.

அப்பா படகுக்காரர். நான் சிறுமியாக இருந்தபோது, தெற்கே போய் வீசும் வலை கடலடிப் பாரில், அதாவது பவளப் பாறையில், சிக்கினால், இஞ்சினை முடுக்கி இழுத்துவிடுவார். வலையோடு பவளக் கிளைகளும் ஒடிந்து வரும். கரையில் வீசிய இரண்டாம் நாள் குடலைப் பிடுங்கும் நாற்றம். கல் எப்படி நாறும் என்ற கேள்விதான் என்னை விலங்கியல் படிக்க வைத்தது.

பூ வைப்பதற்கு முந்தைய வாரம் ஒன்பதாம் வகுப்பில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பவளம் கல் இல்லை. மிளகளவு உயிர்கள் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக் கட்டிய வீடு. ஒரு தலைமுறை செத்தால் அதன் மேலேயே அடுத்தது கட்டும். பெரிய பார்கள் நம் நகத்தை விட மெதுவாக வளரும். அவற்றின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் சோறு போடுகிறது, நிறமும் கொடுக்கிறது. கடல் சூடேறினால் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துவிடும்.

“அப்ப டீச்சர், மோதிரத்துல போடுற பவளம்?” என்று ஒரு பெண் கேட்டாள். நகைப் பவளம் வேறு இனம், ஆழக்கடலில் வளர்வது, ஆனால் அதுவும் உயிர் கட்டியதுதான் என்றேன்.

“அப்ப ஒரு வீட்ட ஒடைச்சு வெரல்ல மாட்டிக்கிறதா? ச்சீ!”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்த ‘ச்சீ’ வீடு வரை கூடவே வந்தது.

பூ வைக்கும் நாளில் கூடம் நிறைய ஆட்கள். மாப்பிள்ளையின் அம்மா தட்டிலிருந்து மோதிரத்தை எடுத்து, “கைய நீட்டும்மா” என்றார். கை நீளவில்லை.

“மன்னிச்சிருங்கத்தை. இத நான் போட மாட்டேன். போன்ல சரின்னு சொன்னது என் தப்புதான். பிள்ளைகளுக்கு ஒண்ணு சொல்லிட்டு, இந்த வெரல வச்சுக்கிட்டு நாளைக்கு போர்டுல எப்படி எழுதுவேன்?”

பெரியப்பா பல்லைக் கடித்தார். அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

“அப்ப எம் மகன் உசுரு ஒனக்குப் பெருசில்லையா?”

அவருடைய பயம் நிஜம். அதனால்தான் எனக்கு அது வலித்தது. “பெருசுதான் அத்தை. எந்தக் கோயிலுக்குன்னாலும் வாரேன், எத்தனை நாளுன்னாலும் வெரதம் இருக்கேன். மோதிரம் மட்டும் வேண்டாம்” என்றேன். மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். மிச்சமிருந்த பயமும் அந்த நிமிடத்தில் போய்விட்டது.

அப்பா என் காதோரம் குனிந்து, “ஆத்தா, இப்பப் போட்டுட்டு அவுக போனதும் கழட்டிக்கயேன்” என்று கெஞ்சினார்.

“கழட்டுறதுக்கு எதுக்குப்பா போடணும்?”

கொண்டு வந்த பூவோடு அவர்கள் வேன் திரும்பிப் போனது. இனி இவள் கதை முடிந்தது என்று சொந்தபந்தமெல்லாம் பேசியது. திங்கட்கிழமை வகுப்பில் விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தேன். வெளுத்த பவளம் செத்த பவளம் இல்லை, கடல் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும், நிறமும் வரும். தேவைக்கு மேல் சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது, பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

அப்பா ஒரு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு நாள், அவர் படகில் கூடப் போகிறவர் வந்து, “ஒங்கப்பா இப்பல்லாம் வலை பாருல மாட்டுனா இஞ்சின அமத்திட்டுத் தண்ணிக்குள்ள குதிச்சுல்ல எடுக்குறாரு!” என்று அலுத்துக்கொண்டார். அப்பாவிடம் கேட்டேன்.

“வலை கிழியுதுல்ல, அதான்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. செவ்வாய் எட்டிலேயேதான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். சாக்பீஸ் பிடிக்கும்போதெல்லாம் அந்த வெறும் விரல் கண்ணில் படும், ஒரு நாளும் அதைப் பார்த்து நான் தலைகுனிந்ததில்லை.