அழுகை மாஸ்டரின் மோதிர விரல்

என் வீட்டுக்காரர் வயலின்காரர். டிவி தொடர்களுக்குப் பின்னணி வாசிப்பது பிழைப்பு. மாமியார் கதவைத் திறந்தால் ஒரு இழுப்பு, மருமகள் கண்ணைத் துடைத்தால் ஒரு இழுப்பு. பத்தொன்பது வருடமாக ஊரையே அழவைத்ததில் ஸ்டுடியோவில் அவருக்குப் பெயரே அழுகை மாஸ்டர்தான். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டு வாடகையும் மகளின் காலேஜும் ஓடின.

விடியற்காலையில் ஒரு மணி நேரம் மட்டும் தனக்காக வாசிப்பார். பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தானே இசையமைத்த ஒரே உருப்படியை வருடக்கணக்காக இழைத்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்கப்போவதில்லை. எனக்கு எரிச்சலாக வரும். அந்த நேரத்தில் கொஞ்சம் தண்ணீராவது பிடித்து வைக்கலாம் மனுஷன்.

மழைக்காலம் தொடங்கிய சமயம், ஒருநாள் வாசிப்பு பாதியில் நின்றது. மறுநாளும் நின்றது. மூன்றாம் நாள் எட்டிப் பார்த்தேன். இடது கை மோதிர விரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தது. வலது கையால் அதைப் பிரித்துத் தந்தியில் வைத்தார். வில்லை இழுத்ததும் விரல் மெதுவாக உள்ளே போனது. அவர் மடக்கவில்லை, அதுவாகவே போனது.

"ஸ்டுடியோவுலயும் இப்படியா?"

"இல்ல. அங்க ஒழுங்கா ஓடுது. இங்க மட்டும்தான்."

விரலில் கோளாறு இல்லை என்றார் டாக்டர். மூளை விரலுக்குப் போடும் உத்தரவு குழம்பிவிட்டதாம். சிலருக்குக் குறிப்பிட்ட ஒரு வாசிப்பில் மட்டும் வருமாம்.

"எதை வாசிச்சா மடங்குதோ, அதை நிறுத்திப் பாருங்க. இல்லன்னா மத்ததுக்கும் பரவலாம்."

வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அப்பாடா. அப்போ பொழப்புக்கு ஒண்ணும் ஆகாதுல்ல டாக்டர்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை.

அதற்குப் பிறகு பின்னறையில் சத்தமே இல்லை. அதே நேரத்துக்கு எழுந்து, மூடிய வயலின் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். பிறகு வந்து குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போவார். என்னால் தாங்க முடியவில்லை.

"ஒரு அஞ்சு நிமிஷம் வாசிங்களேன்."

"பரவிடும்," என்றார்.

நாற்பது நாள் இப்படியே போனது. போன வெள்ளிக்கிழமை மத்தியானமே வீடு திரும்பினார். வந்ததும் வராததுமாகச் சாப்பாடு கேட்டார். இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டார். மகளின் முடிவெட்டைக் கிண்டலடித்து அவளைச் சிரிக்கவைத்தார். எனக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது.

"என்ன இன்னைக்கு இவ்வளவு குஷி?"

"ஸ்டுடியோவுலயும் மடங்கிடுச்சு. மூணு டேக் பார்த்தாங்க. திங்கக்கிழமைலேர்ந்து வேற ஆள் வர்றான்."

மகள் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டாள். அவர் எழுந்து கை கழுவினார். பின்னறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார்.

"இனிமே பரவறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே கதவைச் சாத்தினார்.

வாசிப்பு நின்று நின்று கேட்டது. "அடுத்த மாசம் என்னம்மா பண்றது?" என்று மகள் கேட்டாள். அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.