அக்கா சுவரில் பதித்த மரச்சட்டம்

அக்கா நம்மைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் எங்கள் மட்டாஞ்சேரி வீட்டுக்கு வந்திருப்பீர்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது அக்காவிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். சுவரோரம் இடுப்பு உயரத்தில் ஓடும் மரச்சட்டத்தில் துண்டையோ குடையையோ மாட்டியிருப்பீர்கள். "அதுல ஒண்ணும் தொங்கவிடாதீங்க" என்று அக்கா அதை எடுத்து உங்கள் கையிலேயே கொடுத்திருப்பார். அக்காவுக்கு வீட்டுப் பெருமை அதிகம் என்று வெளியே பேச்சு உண்டு. நானும் அதை மறுத்ததில்லை. இன்று மறுக்கிறேன்.

அக்கா பிறந்ததும் இந்த மட்டாஞ்சேரியில்தான். அப்பா தென்காசிப் பக்கமிருந்து கொச்சிக்கு வந்து மிளகுக் கிடங்கில் மூட்டை சுமந்தவர். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் எனக்குச் சோறு பிசைந்து ஊட்டியது அக்காவின் கைதான். அவருடைய கல்யாண வாழ்க்கை நீளவில்லை. அத்தான் இறந்ததும் கைக்குழந்தை ரேவதியோடு இங்கேயே திரும்பி வந்தார். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை கிடைத்தது. விடியுமுன் பஜார் தெருவில் விளக்குமாறு பிடித்தவர், வெயில் ஏறிய பிறகு வந்து எங்களுக்குச் சமைப்பார். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. பார்வை இருந்த காலத்தில் சொல்கிறேன்.

என் பார்வை இளவயதிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போய், ஒரு மழைக்காலத்தோடு முழுதும் அணைந்தது. பிறகு நான் கட்டிலை விட்டு இறங்கவில்லை. கோல் வாங்கித் தந்தார்கள், வீசி எறிந்தேன். அக்கா மணிக்கட்டைப் பிடித்து நடத்த வந்தார், உதறினேன். இழுத்துக்கொண்டு போக நான் என்ன ஆடா மாடா என்று கத்தினேன்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு வீட்டை அழகுபடுத்தும் பைத்தியம் பிடித்தது. அப்பா விட்டுப்போன வீடு தீப்பெட்டி மாதிரி இரண்டு அறை, மொட்டைச் சுவர். பஜாரில் பழைய கிடங்கை இடிக்கிறார்கள் என்று கேட்டால் அக்கா அங்கே நிற்பார். வைப்பின் தீவில் ஒரு வீட்டைப் பிரிக்கிறார்கள் என்றால் படகேறிப் போய்த் தேக்குக் கட்டை கேட்டு வாங்கி வருவார். பக்கத்துத் தெரு சுகுணன் ஆசாரி அவற்றை இழைத்து, இடுப்பு உயரத்தில் நீளச் சட்டமாகச் சுவரில் பதித்தார். கிடங்கிலிருந்து வந்த கட்டையை இழைத்தால் உள்ளே ஊறிய சுக்கு வாசனை வரும்.

"சேச்சி, ரெண்டு ரூம் வீட்டுக்கு எதுக்கு ஆர்ச்சும் தூணும்? இது கொட்டாரம் ஒண்ணும் அல்லல்லோ" என்று ஆசாரி சிரிப்பார். கொட்டாரம் என்றால் அரண்மனை.

"வீடுன்னா ஒரு முகம் வேணும் ஆசாரி. நீ இழை" என்பார் அக்கா.

கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே கதவை எடுத்துவிட்டு வளைவு வந்தது. அதன் இருபுறமும் உருண்டைத் தூண்கள். சமையலறையில் மட்டும் கரடுமுரடான கல் பதித்தார். கால் வைத்ததும் அடுப்படி என்று தெரியும். வாசலை நெருங்கும் இடத்தில் சட்டத்தில் ஒரு தாமரை மொட்டு செதுக்கியிருக்கும். விரலில் மொட்டு பட்டால் அடுத்து படி. ஒரு நாள் யாரும் சொல்லாமல், சட்டத்தைப் பிடித்தபடி நானே வாசலில் போய் நின்றேன். தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டிருந்தார். அன்று நான் அழுதேன்.

"எனக்காகத்தானே அக்கா இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"போடா, உனக்கொண்ணும் இல்ல. எனக்கு ஆசை, செஞ்சேன்" என்றார்.

கண் தெரியாத தம்பிக்காகச் செய்தது என்று யாரும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டக் கூடாது என்பதற்காக, தெரு கூட்டுகிறவளுக்கு அரண்மனை கேட்கிறதா என்ற பேச்சை அக்கா கடைசிவரை வாங்கிக்கொண்டார்.

ஓர் இடத்தில் மட்டும் சட்டம் இல்லை. உள்ளறையில் என் கட்டிலிலிருந்து கொல்லைக் கதவுக்குப் போகும் வழியில், அக்காவின் கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது. அந்தச் சுவர் வெறுமனே இருந்தது. ஏன் விட்டீர்கள் என்று கேட்டதற்கு, "அங்கதான் நான் கெடக்கேனே. கைய நீட்டு, போதும்" என்றார். நான் எழுந்தால் அவர் கை அங்கே இருக்கும். பகலில் உதறிய கையை அந்த இடத்தில் மட்டும் நான் பிடித்துக்கொள்வேன்.

அக்காவுக்கு வயிற்றில் நோய் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தபோது, குணமாகிவிடும் என்றுதான் எல்லோரும் என்னிடம் சொன்னார்கள். அக்காவும் அதையே சொன்னார். ஒரு பிற்பகல் ஆசாரியின் குரல் கேட்டது. அக்காவின் கட்டிலை அறை நடுவுக்கு இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு சுவரில் துளை போடும் சத்தம்.

"என்ன வேலை ஆசாரி?" என்றேன். எப்போதும் வாய் ஓயாத மனிதர் துளையை மட்டும் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாக்கி கெடந்துச்சுடா. முடிச்சுடலாம்னு" என்றார் அக்கா.

டாக்டர் சொல்லாததை, ரேவதி மறைத்ததை, அந்தச் சத்தம் எனக்குச் சொல்லிவிட்டது. வேலை முடிந்ததும் அக்கா கூப்பிட்டார். "வந்து தொட்டுப் பாரு. உயரம் சரியா இருக்கா?"

தொட்டேன். "சரியா இருக்கு அக்கா" என்றேன். நாங்கள் விடைபெற்றுக்கொண்டது அவ்வளவுதான். அந்த வாரமே அக்கா போய்விட்டார்.

உடம்பு முடியாத நாட்களில் கஞ்சி வைத்துத் தந்த பக்கத்து வீட்டு ஆமினா இத்தாவுக்கும், தோள் கொடுத்துச் சுமந்த அக்காவின் வேலைத் தோழர்களுக்கும், முகம் திருப்பிக்கொண்டு (ரேவதி பார்த்துச் சொன்னது) அந்தக் கடைசித் துண்டைப் பதித்த சுகுணன் ஆசாரிக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். இடக்கொச்சியிலிருந்து தினமும் வந்து போகும் ரேவதிதான் நான் சொல்லச் சொல்ல இதை எழுதினாள். மலையாளத்தில் படித்தவள். தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வைட்டிலாவில் இருக்கும் சித்தப்பா மகன் தன்னோடு வந்துவிடச் சொல்கிறான். அவனுக்கும் நன்றி. நான் வரவில்லை. இந்த வீட்டில் எனக்கு யார் துணையும் இல்லாமல் நடக்கத் தெரியும். அக்கா அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்.

மற்ற இடமெல்லாம் என் கை பட்டுச் சட்டம் வழுவழுப்பாகிவிட்டது. அந்தக் கடைசித் துண்டு மட்டும் இன்னும் புதிதாகவே இருக்கிறது. அங்கே வரும்போது நான் உடனே சட்டத்தைத் தேடுவதில்லை. அக்காவின் கை இருந்த இடத்துக்குக் கையைத் தாழ்த்தி நீட்டி, கொஞ்ச நேரம் நிற்கிறேன். பிறகுதான் சட்டத்தைப் பிடிக்கிறேன்.