நைனாவுக்காக மாத்தின நாலு டயர்

என் வண்டியில ஒரு தடவை வந்தவங்க மறு தடவை பஸ்ஸுல போவாங்க. இதை நான் பெருமையாத்தான் சொல்லிக்கினு இருந்தேன். லைட்ஹவுஸ் குப்பத்துலேருந்து சென்னை மார்க்கெட்டுக்கு மீன் ஏத்துற பிக்கப் அது. மீனும் ஐஸும் சேர்ந்த பாரத்துக்கு நல்லா விறைப்பான நைலான் டயர் போட்டு, காத்தையும் கல்லு மாதிரி அடிச்சு வெச்சிருந்தேன். கரையில கெடக்குற கிளிஞ்சல் மேல ஏறினாலும் பஞ்சர் ஆவாது. பாரம் இருந்தா ஒழுங்காத்தான் போவும். மீனை எறக்கிட்டு வெறும் வண்டியா திரும்பறப்போதான் அதுக்குப் பேய் புடிக்கும். ஸ்டியரிங் நடுங்கும், கதவு நடுங்கும், என் கன்னம் நடுங்கும். ராத்திரி நின்ன வண்டியைக் காலையில எடுத்தா, டயர் தரையில பட்ட எடம் தட்டையாயிட்டு, சூடேறுற வரைக்கும் தடக்கு தடக்குனு அடிச்சிக்கினே வரும்.

"உன் வண்டியில ஏறினா தலையில வெச்ச பூவு மடியில வந்து குந்திக்குது"னு அத்தை சொல்லும். அத்தைன்னா எங்க நைனாவோட தங்கச்சி. அம்மா போனதுலேருந்து வீட்டுல சோறு, திட்டு ரெண்டும் அதுதான். மீனுக்கு முதுகு வலிக்காது அத்தைனு நான் பதில் சொல்லுவேன்.

அப்பால நைனாவுக்கு முதுகெலும்பு ஒடைஞ்சுச்சு. முகத்துவாரத்துல ஒரு அலை படகைத் தூக்கிப் போட்டதுல, ஐஸ் பெட்டி மேல மல்லாக்க விழுந்தாரு. சென்னையில பெரிய ஆஸ்பத்திரியில பிளேட் வெச்சாங்க. வீட்டுக்கு அனுப்பறதுக்கு மொத நாளு டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டாரு.

"படுத்தபடியேதான் போகணும். குலுங்கவே கூடாது. குலுங்கி பிளேட் நகர்ந்துச்சுன்னா கால் ரெண்டும் விளங்காமப் போயிடும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிடுங்க."

சொன்னேன். நைனா ஒத்துக்கல.

"ஆம்புலன்ஸ்ல போய் எறங்கினா செத்துட்டேன்னு நெனைப்பாங்க. ஒருத்தனும் படகு எடுக்க மாட்டான். எனக்காக ஊரு பொழப்பு கெடணுமா?"

எங்க குப்பத்துல சாவு விழுந்தா அன்னிக்கு யாரும் கடலுக்குப் போறதில்ல. அதனால அவரு சொன்னதுல நியாயம் இருந்துச்சு. ஆனா உள்ள இருந்த காரணம் வேற. அம்மா கடைசியா வீட்டுக்கு வந்தது ஆம்புலன்ஸ்லதான். 

"உன் வண்டியில வரேன்"னாரு.

"அதுல மீனே கஷ்டப்பட்டுத்தான் வருது நைனா."

"வெறும் வண்டின்னாதான்டா குதிக்கும். வெறும் படகு குதிக்கல? மணல் மூட்டை போடு."

அசையக்கூடாதுனு படுக்க வெச்ச மனுசன் எனக்கு வண்டி வித்தை சொல்லித் தராருன்னு எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. ஆம்புலன்ஸ்ல ஏறினா நடுவழியில குதிச்சிடுவேன்னு வேற சொன்னாரு. செய்வாரு, அவரு அப்பேர்ப்பட்ட ஆளு. வேற வழியில்லாம பொன்னேரி பஞ்சர் கடைக்கு வண்டியை விட்டேன்.

நைலானைக் கழட்டிட்டு நாலுக்கும் மெத்துன்னு ஓடுற ரேடியல் டயர் போடுங்கன்னேன். கடைக்காரரு, "இன்னாபா, பொண்ணு பாக்கப் போறியா?"ன்னாரு. அவரையே வண்டியை ஓட்டச் சொல்லிட்டு, நான் பின்னாடி வெறும் தகரத்துல மல்லாக்கப் படுத்துக்கினேன். என் முதுகை விட்டா சோதனைக்கு வேற முதுகு ஏது? மொத வேகத்தடையில பிக்கப் என்னை ஒரு சாண் தூக்கி எறக்குச்சு. எறக்குச்சுன்னு மரியாதையாச் சொல்றேன். டயரு புதுசு, ஆனா காத்து பழைய மாதிரி மீன் பாரத்துக்கு அடிச்ச காத்து. அதைக் கொறைச்சாரு. திரும்பப் படுத்தேன். இந்தத் தடவை அதிர்வு போயிடுச்சு, தூக்கல் மட்டும் போவல. பின்பக்க ஸ்பிரிங்கு பாரம் இல்லாம மடங்குவேனாங்குது. வேற வழியில்லாம மணல் மூட்டையை ஏத்தினேன். வண்டி எருமை குட்டையில குந்தின மாதிரி அமைதியா குந்திடுச்சு. நைனா சொன்னது சரியாப் போச்சு. எனக்கு அது புடிக்கல.

ஒரு பேஜாருதான் மிச்சம். காத்தைக் கொறைச்சு பாரமும் ஏத்தினா, வேகமாப் போனா டயரு சூடேறி வெடிக்கும். அதனால மெதுவாத்தான் போவணும். ரொம்ப மெதுவா.

மறுநாள் மூட்டைங்க மேல பழைய வலையெல்லாம் கொட்டி, அதும்மேல மெத்தை போட்டு, நைனாவை ஏத்தினோம். வெயிலு மூஞ்சில அடிக்குமேன்னு ஆஸ்பத்திரிலேயே ஒரு வெள்ளை வேட்டியைக் கழுத்து வரைக்கும் போத்தி, தலைக்கு மேல இன்னொண்ணு கட்டினேன். பின்னாடி வர்றவன் இடிச்சிடப் போறானேன்னு நாலு லைட்டையும் மினுக்க விட்டேன். நர்ஸம்மா போட்ட ஊசியில நைனா கண்ணை மூடிக்கினாரு.

மீஞ்சூர்ல ஒரு போலீஸ்காரரு வண்டியை நிறுத்தினாரு. ஆளை ஏத்தக்கூடாத வண்டியில ஏத்தினதுக்கு இன்னா சொல்லப் போறாரோன்னு லைசென்ஸை எடுத்து கையில வெச்சிக்கினேன். பின்னாடி எட்டிப் பாத்தவரு, தொப்பியைக் கழட்டிட்டு, "போப்பா"ன்னு மெதுவாச் சொன்னாரு. நல்ல மனுசன்னு நெனைச்சேன். பழவேற்காடு பஜார்ல ரெண்டு பேரு கையெடுத்துக் கும்பிட்டாங்க. அப்பவும் எனக்கு உறைக்கல. என் கவனம் முழுக்க ரோட்டுல இருக்குற பள்ளத்துலயும், கண்ணாடியில தெரியிற நைனா காலுலயும்தான். அந்தக் காலு அசையவே இல்ல.

பாலத்தைத் தாண்டி குப்பத்துக்குள்ள நொழையிறேன், கரையில படகைத் தள்ளிக்கினு இருந்தவங்க அப்படியே கையை விட்டுட்டாங்க. வலையை எறக்கி மணல்ல வெச்சாங்க. வெள்ளைத் துணி, மினுக்கற லைட்டு, நடக்கிற வேகத்துல வர்ற வண்டி. ஆம்புலன்ஸ் ஒண்ணுதான் இல்ல. அத்தை தலையை விரிச்சிக்கினு தெருவுல ஓடியாந்து, வண்டி நிக்கிறதுக்குள்ள பின்னாடி ஏறி, "எங்கண்ணா, என்னை விட்டுட்டுப் போயிட்டியே"ன்னு நைனா பாதம் ரெண்டையும் கட்டிப் புடிச்சு ஓன்னு அழுவுது.

"அத்தை, தூங்கறாரு"ன்னு கத்திக்கினே நானும் ஏறினேன். ஏறிப் பாத்தா அவரு அசையல. அந்த அழுகைக்கும் அசையல. அப்போ உசுரு இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியல. மூக்குக்கிட்ட கையைக் கொண்டு போவ எனக்கு தைரியம் வரல.

நைனா கண்ணைத் தொறக்காமலே பேசினாரு.

"இன்னாடா, வண்டி இன்னும் கெளம்பலியா?"

அத்தை அழுகையை நிறுத்திடுச்சு. காலை மட்டும் விடல.

"இவ எப்போடா ஆஸ்பத்திரிக்கு வந்தா? காலை விடச் சொல்லு. கூசுது."

சொல்லிட்டு ரெண்டு காலையும் வெடுக்குனு இழுத்துக்கினாரு.

நான் மணல் மூட்டை மேல குந்தி, ஊரே பாக்க, வாய்விட்டு அழுதேன். நைனா அப்போதான் கண்ணைத் தொறந்து அத்தையைப் பாத்தாரு.

"இவன் எதுக்குடி அழுவறான்? டயரு கியிரு வெடிச்சிடுச்சா?"